குழாய்த் தண்ணீர்

ஒரு பொட்டலம் உயிரின் விலை, ஒரு பசுவின் ஒரு மாதப் பால். அந்த விலைக்குத்தான் பண்ணைக்காரி இரண்டு பொட்டலம் நுண்ணுயிர்ப் பொடி வாங்கியிருந்தாள். மழைக்குப் பயந்து ஈரத்தோடு அறுத்துக் குழிக்கரையில் குவித்த புல், பொடியைக் கரைத்துத் தெளித்துக் குழியில் நிரப்பினால்தான் அழுகாமல் புளிக்கும். இருபது மாடுகளுக்கும் கோடை மூன்று மாதத் தீவனம் அதுதான். வானம் கறுத்துக்கொண்டே வந்தது.

கொழுந்தன் ஒரு பொட்டலத்தைக் கலக்கி வைத்திருந்த வாளியை முகர்ந்தவள் நிமிர்ந்தாள்.

"தண்ணி எங்க பிடிச்சே?"

"குழாயிலதான் அண்ணி. கிருமியில்லாத தண்ணி."

"அது கிருமியைக் கொல்ற மருந்து போட்ட தண்ணி. நாம காசு கொடுத்து வாங்கினதே கிருமிதான், மகராசா."

அவன் மற்றப் பொட்டலத்தை எடுத்தான். "மிச்சப் பொட்டலத்தை முழுக்குழிக்கும் பரவலாத் தெளிச்சிடலாமே?"

"ஒரு பொட்டலம் பாதிக் குழிக்குத்தான். மெலிசாத் தெளிச்சா எதுக்கும் உதவாது."

குழியின் நடுவே தார்ப்பாயைத் தடுப்பாக நிறுத்தி, மிச்சப் பொடியைக் கிணற்றுத் தண்ணீரில் கலக்கி, புல்லை நிரப்ப நிரப்ப ஒரு பாதிக்கு மட்டும் தெளித்தாள். முதல் துளி விழுமுன் குழியை மூடிவிட்டார்கள்.

நாற்பதாம் நாள் திறந்தபோது தெளித்த பாதி புளிப்பாக மணத்தது. மறுபாதி அழுகி, குடலைப் பிடுங்கும் நாற்றம் அடித்தது.

வேண்டியது தொண்ணூறு நாள் தீவனம். தேறியது நாற்பத்தைந்து. மீதி நாற்பத்தைந்து நாளும் அரிவாளோடு புல் தேடி அலைவது கொழுந்தன் கணக்கில் பற்றாக ஏறியது.