பின்கதவு வழியாக வந்த மாவு

முந்தின நாள் வாங்கிப்போன மாவைத் தூக்குவாளியோடு திருப்பிக் கொண்டுவந்து கடைப் படியில் வைத்தாள் காமாட்சியம்மாள்.

"கனகா, இத்த நீயே வெச்சிக்கோ. எங்க வூட்ல ஒர்த்தரும் தொட மாட்டன்றாங்க."

"ஏன் பெரிம்மா, புளிச்சிப் போச்சா?"

"புளிப்புலாம் இல்ல. உங்கிட்ட மாவு அரைக்குதே அந்தத் தெக்கத்திப் பொண்ணு, அது காலனியாமே. எங்க மாடில தங்கிக்கினு கீற பசங்களுக்கும் அதே ஊருதான். அவனுங்க சொன்னானுங்க. நீ ஒரு வார்த்த விசாரிச்சிட்டு வேலைக்கு வெச்சிருக்கக் கூடாதா?"

உள்ளே கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அரைத்துக்கொண்டிருந்த முத்துச்செல்வியின் காதில் விழுந்திருக்குமா என்று கனகலட்சுமி திரும்பிப் பார்த்தாள். ஆனால் அவளுக்கு முதலில் வந்தது கடையைப் பற்றிய பயம்தான். அதை மறைப்பானேன்?

வல்லம் வடகால் கிராமத்தை ஒட்டிய அந்தத் தெருவில் நிலம் வைத்திருந்தவர்கள் அதைத் தொழிற்பேட்டைக்குக் கொடுத்துவிட்டு, வந்த பணத்தில் மாடி கட்டி வாடகைக்கு விட்டிருந்தார்கள். குடிவர வருகிறவனிடம் அட்வான்ஸ் கேட்பதற்கு முன்னால் சாதியைக் கேட்பார்கள். அதில் யாருக்கும் கூச்சம் கிடையாது. கனகலட்சுமியின் புருஷன் எல்லப்பனுக்கு நிலமும் இல்லை, மாடியும் இல்லை. காண்ட்ராக்ட் முடிந்துவிட்டது என்று கம்பெனி அவனை வெளியே அனுப்பிய பிறகு, வீட்டில் அடுப்பு எரிந்தது இந்த இட்லி மாவுக் கடையால்தான்.

கடை ஓடியது முத்துச்செல்வியால். அரைத்த மாவில் உப்புப் போட்டுக் கையால் கலக்கினால்தான் நன்றாகப் பொங்கும் என்பது எல்லாப் பெண்களுக்கும் தெரிந்த விஷயம். அவள் கலக்கினால் மாவு பாத்திரத்தை மீறிக்கொண்டு வரும். "கைராசிக்காரி" என்று இதே காமாட்சியம்மாள்தான் வாயாரச் சொன்னாள். சாதி தெரிந்ததும் அந்த ராசி எங்கே போயிற்றோ, அவளுக்கே வெளிச்சம்.

மறுநாளிலிருந்து தெருவில் ஒருவரும் கடைப்பக்கம் வரவில்லை. எல்லப்பன் யோசனை சொன்னான்.

"அனுப்பிட்டோம்னு சொல்லு. அது பின்பக்கமா வந்து அரைச்சிட்டுப் போவட்டும். யாருக்கு இன்னா தெரியப் போவுது?"

யோசனை அவனுடையது. முத்துச்செல்வியிடம் போய்ச் சொன்ன வாய் கனகலட்சுமியுடையது. சொல்லும்போது அவள் அரிசி களைவதுபோலக் குனிந்துகொண்டாள்.

"கொஞ்ச நாளைக்குத்தான் முத்து. தெருவு மறந்துடும்."

"சரிக்கா" என்றாள் முத்துச்செல்வி.

வீட்டின் பின்னால் சாக்கடையும் முள்செடியுமாக ஒரு சந்து. முத்துச்செல்வி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதன் வழியாக வந்துபோனாள். பின்கதவு திறக்கும்போதெல்லாம் கிரீச்சிட்டது. பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடுமே என்று கனகலட்சுமி அதன் கீலுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டாள்.

நானே அரைக்கிறேன், நானே கலக்குகிறேன் என்று அவள் சொல்லச் சொல்லத் தெரு திரும்பி வந்தது. காமாட்சியம்மாளும் தூக்குவாளியோடு வந்தாள்.

"பாத்தியா கனகா, இப்பதான் மாவு மாவா கீது. நம்ம கைன்னா தனிதான்."

கனகலட்சுமி சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குக் கூசுகிறது.

உள்ளே முழங்கை வரை மாவில் கையை விட்டிருந்த முத்துச்செல்வி, அதை வெளியே எடுத்தாள். நிதானமாகக் கழுவித் துடைத்துக்கொண்டாள். பின்கதவுப் பக்கம் போகாமல், நேரே கடைக்குள் வந்து நின்றாள்.

"எங் கை மட்டும் வேணும், நான் வேண்டாமாக்கும்? போயிட்டு வாரேன்க்கா."

தூக்குவாளியோடு நின்ற காமாட்சியம்மாளைக் கடந்து, படியிறங்கி, தெரு நடுவிலேயே நடந்து போனாள்.

அன்றோடு மாவு வியாபாரம் படுத்தது. கிரைண்டர்மேல் கோணி ஏறியது. கொஞ்ச நாளில், கம்பெனி மாவு பாக்கெட்டுகளை வாங்கி ஒரு பழைய ஃப்ரிட்ஜில் வைத்து விற்கத் தொடங்கினாள் கனகலட்சுமி. பாக்கெட்டின் மேல் 'கை படாமல் தயாரித்தது' என்று அச்சடித்திருந்தது. தெரு சமாதானமாகி வாங்கியது.

ஒருநாள் ஒரகடம் கூட்ரோட்டில் கனகலட்சுமி ஷேர் ஆட்டோவுக்கு நின்றிருந்தபோது, ஒரு கம்பெனி வேனிலிருந்து முத்துச்செல்வி இறங்கினாள். சட்டையில் அந்தப் பாக்கெட்டில் இருந்த அதே சின்னம்.

"நல்லாருக்கியளாக்கா?"

"இருக்கேன் முத்து. நீ... அந்த மாவு கம்பெனிலயா?"

"ஆமாக்கா. கிளவுஸ் மாட்டிக்கிட்டு மாவுல உப்புக் கலக்குத வேல. முன்வாசல் வழியாத்தான் போறேன், வாரேன்."

குத்திக்காட்டுகிற குரல் இல்லை அது. குத்திக்காட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது கனகலட்சுமிக்கு. மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் முத்துச்செல்வியின் ஆட்டோ வந்துவிட்டது.

மறுநாள் காமாட்சியம்மாள் பாக்கெட் வாங்க வந்தாள்.

"இதான் கனகா சுத்தம். யார் கையும் படாத மாவு."

"முத்துச்செல்வி கைதான் பெரிம்மா. நேத்து பாத்தேன். அங்கதான் மாவு கலக்குறா."

காமாட்சியம்மாள் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தூக்குவாளியை வைத்ததுபோல இதையும் படியில் வைத்துவிடுவாள் என்று கனகலட்சுமி காத்திருந்தாள்.

"கம்பெனின்னா யார் யாரோதான் இருப்பாங்க" என்றாள் காமாட்சியம்மாள். "அதெல்லாம் பாத்துக்கினு இருந்தா முடியுமா?"

பாக்கெட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு படியிறங்கினாள்.

"அப்ப எங் கடைல மட்டும் ஏன் பாத்தீங்க?"

தெருவே கேட்கிற மாதிரிதான் கேட்டாள் கனகலட்சுமி. காமாட்சியம்மாள் நடையை எட்டிப் போட்டாள்.

இப்படி அன்றைக்கே, முத்துச்செல்வியின் காதில் விழும்படி கேட்டிருக்க வேண்டும். அன்றைக்குக் கனகலட்சுமி பின்கதவுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள்.