கம்பெங்கின் வயல்

வானத்திலிருந்து விழுகிற குண்டு உரச்சாக்குக்குள் புகுந்து, வாயைக் கட்டிக்கொண்டு விழாது. இது எங்கள் சியெங் குவாங் மாகாணத்தில் எருமைக்குக்கூடத் தெரியும். ஊர்த்தலைவருக்குத்தான் தெரியவில்லை.

என் புருஷன் சோம்லித் எங்கள் வயலோரம், மூங்கில் புதரடியில், மதியச் சோற்றுக்கு மீன் சுட நெருப்பு மூட்டினான். சருகுக்கு அடியில் கிடந்த பொம்பி வெடித்தது. சாத்துக்குடி அளவு இரும்பு உருண்டை அது. நான் பிறப்பதற்கு முன்பே அமெரிக்க விமானம் போட்டுவிட்டுப் போனது. அள்ளுவதற்கு அதிகம் மிச்சமில்லை. பிறகு வந்த குண்டகற்றும் குழு, புதரின் மேட்டில் அடி கிழிந்த சாக்கு ஒன்றைக் கண்டது. உள்ளே இன்னும் மூன்று. நாலாவதுதான் உருண்டு வந்திருக்கிறது.

சாக்கின் மேல் ‘கம்பெங்’ என்று மையால் எழுதியிருந்தது. நெல் மில்லுக்குப் போகிற சாக்கில் பெயர் எழுதுவது எங்கள் வழக்கம். கம்பெங் எங்கள் பக்கத்து வயல்காரன். “சாக்கு களவு போயிருச்சு” என்றான். வானத்திலிருந்து விழுந்த குண்டுக்கு யாரும் பொறுப்பில்லை என்று ஊர்த்தலைவர் சமாதானத்துக்கு அவனை ஒரு பன்றி அடிக்கச் சொன்னார், ஊரே தின்றது. கம்பெங் என் மணிக்கட்டில் ஆறுதலுக்குக் கட்டுகிற வெள்ளை நூலைக் கட்டி, “மனசை ஆத்திக்கோ தங்கச்சி” என்றான். வீட்டுக்கு வந்ததும் நூலை அறுத்து அடுப்பில் போட்டேன். மனசு ஆறவில்லை. ஆற நான் விடவும் இல்லை.

அடுத்த மாதமே குண்டகற்றும் வேலையில் சேர்ந்தேன். ஊருக்கு நல்லது செய்யச் சேர்ந்திருக்கிறாள் என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். என்றாவது ஒருநாள் கம்பெங்கின் வயல் நான் பிடிக்கிற குண்டு தேடும் கருவிக்குக் கீழே வரும் என்றுதான் சேர்ந்தேன். மூன்று வருஷம் கழித்து வந்தது.

எட்டாம் நாள், அவன் வயலின் நடுவில் கருவி கத்தியது. மண்டியிட்டு மண்ணைச் சுரண்டினேன். முழுசான பொம்பி. மண்ணை அள்ளி மறுபடி மூடினேன். ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டு நகர்ந்தால் போதும், மிச்சத்தை அவன் கலப்பை பார்த்துக்கொள்ளும். யாரும் என்னைப் பார்க்கவில்லை. ஆனால் அங்கே நாற்று நடக் குனிவது அவன் பெண்டாட்டி கெத்சனா. குண்டு ஆள் பார்த்து வெடிக்காது. எனக்கு அவன் ஒருவன்தான் வேண்டும். மண்ணை விலக்கிச் சிவப்புக் கொடி நட்டேன். அன்று மாலையே வெடிவைத்துத் தகர்த்தோம். குழியையும் நானே மூடினேன்.

நிலத்தை ஒப்படைக்கும் நாளில், சுத்தம் செய்தவர்கள் எல்லாரும் சொந்தக்காரனோடு வரிசையாக நின்று வயலை நடந்து கடப்போம். வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்? ஊரே வரப்பில் கூடியிருந்தது. கம்பெங் என் பக்கத்தில் சிரித்துக்கொண்டே நடந்தான்.

“ஒருவழியா முடிச்சிட்டே தங்கச்சி. நாளைக்கே ஏர் பூட்டிருவேன்.”

நடுவயலில் அவன் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

“அண்ணே, அசையாதீங்க. உங்க காலுக்குக் கீழ ஒண்ணை விட்டு வச்சிருக்கேன்.”

குழுத்தலைவன் தொங்கான் விறைத்துப்போனான். வரிசையே நின்றது.

“வெளையாடாதே தங்கச்சி.”

“வெளையாட்டுன்னா காலைத் தூக்குங்க.”

அவன் தூக்கவில்லை. கால்சட்டை நனைந்தது.

“சோம்லித்தக் கொன்ன சாக்கை வச்சது யாருன்னு எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்க. நானே எடுத்துடறேன்.”

“நான்தான்” என்றான். “ஏர் ஓட்டுறப்ப நாலு கெடைச்சுது. குண்டு எடுக்குற ஆபீசுல சொன்னா நடவு நேரத்துல நெலத்த மூடிருவாங்க. அதான் உன் பக்கத்துப் புதர்ல வச்சேன். நீங்க பாத்து ஆபீசுல சொல்லிருவீங்கன்னு நெனச்சேன்.”

ஊர்த்தலைவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பன்றி தின்ற வாயெல்லாம் மூடிக் கிடந்ததைப் பார்க்க எனக்கு இனித்தது.

“அடியில ஒண்ணும் இல்ல. போன வாரமே வெடிச்சாச்சு. நடங்க” என்றேன்.

தொங்கான் கருவியை வைத்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்று சத்தியம் செய்தான். கம்பெங் நம்பவில்லை. ஒரு மணி நேரம் நின்ற இடத்திலேயே நின்றான். கடைசியில் இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள்.

குண்டு விஷயத்தில் பொய் சொன்னவளை வேலையில் வைக்க முடியாது என்றான் தொங்கான். நியாயம்தான், அவன் இடத்தில் நானும் அதைத்தான் செய்திருப்பேன். கவசத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

இப்போது மழை பிடித்துவிட்டது. ஊரெல்லாம் நடவு நடக்கிறது. கம்பெங் வயலில் புல். நேற்று கெத்சனா என் வாசலில் வந்து நின்றாள். அவள்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை.

“அவரு வயல்ல கால வைக்க மாட்டேங்கிறாரு. என்னையும் எறங்க விட மாட்டேங்கிறாரு. யாராவது முன்னாடி நடந்து காட்டணுமாம். நீ ஒரு தடவ வந்து நடக்கக் கூடாதா?”

“நான் எதுக்கு?” என்றேன். “சோம்லித்த நடக்கச் சொல்லு.”