நிரப்பி வைத்த எண்ணெய்க் கான்

நெல்லின் முதல் வெட்டு நாளில் வரம்பில் வெறும் பாத்திரம் இருக்கக் கூடாது. பழுகாமத்து வயல்வட்டையில் இது யாரும் யசோதினிக்குச் சொல்லித் தர வேண்டிய சங்கதி அல்ல. கணவன் கட்டாரில், நாலு ஏக்கர் வயலும் அவள் தலையில். பின்னேரம் பெருமழை என்று ரேடியோ வேறு சொல்லியிருந்தது. விடிந்ததும் குடம், வாளி, தேநீர்ப் போத்தல் எல்லாவற்றையும் நிரப்பினாள். வெட்டுமெசினோடு வந்த மெசின் எண்ணெய்க் கான் மட்டும் வழியில் கவிழ்ந்து காலியாகக் கிடந்தது. நல்ல காரியம் தொடங்கும் நேரத்தில் "எண்ணெய் இல்லை" என்று வாய் திறக்கலாமா? விளக்குக்குக் கொண்டுவந்த தேங்காயெண்ணெயை அதற்குள் ஊற்றி நிமிர்த்தி வைத்தாள். கெட்டிக்காரி!

மெசின் ஓட்டும் உதயரூபன் அதைத் தான் நேற்று நிரப்பிய எண்ணெய் என்றே நம்பி, கதிரடிக்கும் உருளையின் தண்டு சுழலும் புஷ்ஷுக்கு விட்டார்.

ஒரு ஏக்கர் வெட்டியாயிற்று. அப்போதுதான் வடை சுடும் வாசம் வந்தது. வட்டைக்குள் யாரப்பா வடை சுடுவது என்று யசோதினி சிரித்தாள். சிரித்து வாய் மூடவில்லை, மெசின் வீரிட்டுக் கத்தி நின்றது. உருளையில் சிக்கியிருந்த வைக்கோல் குப்பென்று பற்றியது. இருவரும் வாய்க்கால் தண்ணீரை அள்ளி அடித்து ஒருவாறு அணைத்தார்கள்.

உருளையின் தண்டு நீலம் பாரித்து, புஷ்ஷோடு ஒட்டிப்போய்க் கிடந்தது.

"நல்ல எண்ணெயெண்டா எவ்வளவு சூட்டிலயும் இரும்புக்கு நடுவில ஆடை மாதிரி நிக்கும் தங்கச்சி. இது தண்ணியா இளகி ஓடிட்டு. மறுகா இரும்பை இரும்பு திண்டிட்டு. புது புஷ் கொழும்பில இருந்து வர மூணு நாளாகும். ஏறாவூர் இர்ஷாத் எனக்குக் கள்ள எண்ணெய் வித்திரிக்கான். இப்பவே கேக்கன்."

அவர் போனை எடுத்தார். யசோதினிக்குச் சட்டென்று உறைத்தது. அந்த வடை வாசம்!

"அண்ணன், அவருக்கு எடுக்காதீங்க. அது தேங்காயெண்ணெய். கான் வெறுமையாக் கிடந்திச்சு. நான்தான் ஊத்தினநான்."

உதயரூபன் கானை மோந்து பார்த்தார். திட்டுவார் என்று நின்றாள். மிச்ச மூன்று ஏக்கருக்கு மேலே வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

"என்ட சீட்டுக்குக் கீழ இன்னொரு கான் புது எண்ணெய் இரிக்கு தங்கச்சி," என்றார். "இல்லெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிரிக்கலாமே."