எடுத்த சுவர்

"எடுக்கச் சொன்னா எடுக்கணும். இது என்ன கூத்து?"

"எடுத்துத்தானே இருக்கேன், டீச்சரம்மா. உத்தரம் வரைக்கும் எடுத்தாச்சு. பூச்சு மட்டும் பாக்கி."

"நான் சொன்னது இல்லாம ஆக்கறதுக்கு."

"அப்போ இடிக்கணும்னு எழுதியிருக்கணும். சுவர் எடுக்கறதுன்னா எங்களுக்கு எழுப்பறதுதான். முப்பது வருஷமா அப்படித்தான் எடுக்கறேன்."

இவ்வளவும் என் சமையலறையில் நின்றபடியே எனக்குக் கேட்டது. எங்கள் தெருவில் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்பவை. இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர். நான் அதில் காதை வைத்துக் கேட்பதாகச் சிலர் சொல்வது பொய். வைக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் கண்ணால் பார்க்காமல் ஒரு விஷயத்தைப் பேசக் கூடாது என்பதால், எப்போதோ இரவல் வாங்கிய சல்லடையைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பினேன்.

பக்கத்து வீட்டு டீச்சர் வாங்கியது பழைய வீடு. அதில் குடியிருந்த ஒவ்வொருவரும் தன் பங்குக்கு எதையோ கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். முன்னால் இருந்தவர் என்ன கட்டினார் என்று ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு ஜன்னலைத் திறந்தால் சுவர். மாடிப்படி அடுப்புக்குப் பக்கத்தில் தொடங்கியது. இதற்கெல்லாம் மேலாக, கூடத்தின் நடுவே மார்பளவு உயரத்தில் ஒரு குட்டைச் சுவர், அதன் தலையில் கூரை வரைக்கும் ஒல்லியாக இரண்டு மரத்தூண்கள். அழகுக்கு வைத்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அதில் இடுப்பை இடித்துக்கொள்ளாத விருந்தாளி கிடையாது.

அந்தச் சுவருக்கும் மாடிப்படிக்கும் இடையே இருந்த சந்தில் டீச்சரின் வீட்டுக்காரரே வயிற்றை எக்கித்தான் போவார். குளியலறை அந்தப் பக்கம். டீச்சரின் அப்பா இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் இருந்தார். வெள்ளிக்கிழமை அனுப்பிவிடுவார்கள். அவர் வாக்கர் பிடித்து நடக்க அந்தச் சந்து போதாது. வழி தயாராகவில்லை என்றால் முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடுவேன் என்று டீச்சரின் தம்பி சொல்லியிருந்தான். படிவம்கூட வாங்கி வைத்துவிட்டானாம். இது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

டீச்சர் பள்ளிக்கூடம் போகிற அவசரத்தில், 'நடுச்சுவர் எடுக்க வேண்டும். அவசரம்' என்று சீட்டு எழுதி ஒட்டிவிட்டுப் போக, கொத்தனார் அவசரமாகவே இரண்டு நாளில் எடுத்துவிட்டார். தூண்களையும் உள்ளே வைத்துக் கட்டி, உத்தரத்துக்கு அடியில் செங்கல் சில்லு செருகி, காற்றுப் போக இடமில்லாமல். அந்த இரண்டு நாளும் டீச்சரும் வீட்டுக்காரரும் அவளுடைய அக்கா வீட்டில் தங்கியிருந்தார்கள், தூசி ஒத்துக்கொள்ளாது என்று.

"நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்களேன்," என்று டீச்சர் வீட்டுக்காரரைப் பார்த்தாள்.

"சுவர் நேராத்தான் இருக்கு," என்றார் அவர்.

டீச்சர் படியில் உட்கார்ந்துவிட்டாள். "இன்னைக்குச் செவ்வாய். அப்பாகிட்ட என்னன்னு சொல்லுவேன்? தம்பி காத்துக்கிட்டே இருக்கான்." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் சல்லடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

"அழாதம்மா. கட்டினவனுக்கு இடிக்கத் தெரியாதா?" கொத்தனார் ஏணியில் ஏறி, உத்தரத்தை மூடியிருந்த பழைய பூச்சில் உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டினார். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பூச்சு விழுந்தது. பின்னாலேயே பொலபொலவென்று மரத்தூள். அவர் ஒரு விரலை உத்தரத்துக்குள் விட்டார். விரல் முழுதும் உள்ளே போனது.

"கரையான்," என்றார். மெதுவாக இறங்கினார். "மேல என்ன இருக்கு?"

"தண்ணித் தொட்டி," என்றார் வீட்டுக்காரர். "அதுக்குப் பக்கத்துல எங்க கட்டில்."



மறுநாள் வந்த பொறியாளர் பெண் சுவரைச் சுற்றிச் சுற்றி வந்து, டார்ச் அடித்துப் பார்த்தாள். இத்தனை காலம் உத்தரத்தைத் தாங்கியவை அந்த ஒல்லித் தூண்கள்தான் என்றாள். குட்டைச் சுவரை இடித்திருந்தால் தூணும் போயிருக்கும், தொட்டியும் கட்டிலும் கீழே வந்திருக்கும்.

"இதை யாருங்க எழுப்பச் சொன்னது?"

கொத்தனார் சீட்டை நீட்டினார். "டீச்சரம்மாதான். கையெழுத்தோட எழுதிக் குடுத்தாங்க."

டீச்சருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து விக்கல் எடுத்தது. சுவர் அப்படியே இருக்கட்டும், நடுவில் மூன்றரை அடிக்கு வாசல் வெட்டி, மேலே இரும்புச் சட்டம் வைத்தால் போதும், உத்தரத்தைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்றாள் பொறியாளர். தொட்டியை அன்றைக்கே காலி செய்தார்கள். வியாழன் மாலை வாசலும் கதவும் தயார். என் வீட்டுக்குள்ளும் நீண்டு வருவது அதே உத்தரம்தான். எங்கள் கூடத்திலும் இருக்கிற அதே மாதிரித் தூண்களை எடுக்கச் சொல்லி மூன்று வருடமாக என் வீட்டுக்காரரைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். அவருடைய சோம்பலை அன்றைக்கு முதல்முறையாக மனதாரப் பாராட்டினேன். அவரிடம் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை பெரியவர் வந்தார். வாக்கர் எங்கேயும் உரசாமல் உள்ளே போனது. சுவர் எழுந்ததில் கூடத்தின் பின்பாதி குளியலறையோடு தனி அறை ஆகியிருந்தது. அவர் கதவை ஒருமுறை மூடித் திறந்து பார்த்தார்.

"இது எனக்கா? மாப்பிள்ளையோட டிவி சத்தம் கேக்காதே."

"உங்களுக்குத்தான்ப்பா," என்றாள் டீச்சர். கூடவே வந்த தம்பி குளியலறை வரைக்கும் நடந்து பார்த்தான். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை.

அடுத்த வருடம் தம்பிக்குக் கல்யாணம் ஆனது. பெண், அந்தப் பொறியாளர்தான். உத்தரம் மாற்றுகிற சாக்கில் அவன் அக்கா வீட்டுக்கு ஏன் அத்தனை தடவை வந்தான் என்பதை நான் முன்பே சொன்னேன், யாரும் நம்பவில்லை. வேலை மாற்றலாகி இருவரும் வேறு ஊருக்குக் குடிபோனார்கள். போகும்போது அப்பாவையும் கூப்பிட்டார்கள். அவர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். நான்கு வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறார்.