எட்டு மணிக்கும் பதினொரு மணிக்கும் நடுவில்

ஆஸ்பத்திரியில் அவளுக்கு 'பேக்கப் அக்கா' என்றுதான் பெயர். கம்ப்யூட்டர் பிரிவில் பதினான்கு வருடம் குப்பை கொட்டியவளின் சொந்தப் பெயர் யாருக்கு ஞாபகம் இருக்கும்? எதைத் தட்டுவதற்கு முன்னும், எந்த சர்வர் என்று அதன் பெயரை வாய்விட்டுப் படிப்பாள். அக்கா மந்திரம் ஓதுகிறாள் என்று கேலி செய்வார்கள். அவள் கண்டுகொள்ள மாட்டாள்.

மூன்று நாளாகப் பழைய சர்வரிலிருந்து புதியதற்கு எல்லாவற்றையும் மாற்றிக் கண் பூத்துப்போயிருந்தது. காலை எட்டு மணிக்குப் புதியது ஓட ஆரம்பித்தது. பதினொரு மணிவாக்கில், பழைய ரிப்போர்ட் ஒன்றைக் காணோம் என்று லேபிலிருந்து புகார் வந்தது. நேற்று எடுத்துவைத்த பேக்கப் நகலைச் சோதனை சர்வரில் ஏற்றிப் பார்த்தால் போதும், ஐந்து நிமிட வேலை. அதற்குள் நிர்வாகி நான்கு முறை போன் செய்து உயிரை வாங்கினார். நான்காவது முறை, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, இதோ ஆச்சு சார் என்று சொல்லிக்கொண்டே என்டரைத் தட்டினாள். வாய் அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்ததால் சர்வரின் பெயரைப் படிக்கவில்லை.

தட்டியது புதிய சர்வரில். நேற்றைய பேக்கப் இன்றைய காலையின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. எட்டு மணியிலிருந்து பதிவான முப்பத்தேழு நோயாளிகளின் விவரமும் சுத்தமாகப் போய்விட்டது. அடுத்த பேக்கப் பன்னிரண்டு மணிக்குத்தான்.

கீழே ஓடினாள். பதிவு மேசை அண்ணன் எதையும் முதலில் ஒரு நோட்டில் எழுதிக்கொள்கிறவர்.

"அண்ணே, அந்த நோட்டு..."

"நீதானேம்மா போன வாரம் வேண்டாம்னு சொன்ன. ஒரே வேலைய எதுக்கு ரெண்டு தடவ செய்றீங்கன்னு கேட்டியே."

அவர் குத்திக்காட்டவில்லை. நடந்ததைத்தான் சொன்னார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

பேப்பரும் பேனாவுமாக, காத்திருந்த நோயாளிகளிடம் ஒவ்வொரு நாற்காலியாகப் போய்க் கேட்டாள். சலித்துக்கொண்டே சொன்னார்கள். ஒரு பெரியவர் காலையில் சொன்னதைவிட மூன்று வயது குறைத்துச் சொல்கிறார் என்று அண்ணன் அவள் காதைக் கடித்தார். கடைசியில் மூலையில் ஒரு பெண் மிச்சமிருந்தாள். அவளைத் தானே கேட்டுக்கொள்வதாக அண்ணன் தடுத்தார். காலையில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல அவளுக்கு வெகுநேரம் ஆனதாம். தப்பு செய்தவள் நான், நானே கேட்கிறேன் என்று அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"காலைல நீங்க சொன்னத நான் அழிச்சிட்டேம்மா. என் தப்புதான்."

பெயர், வயது எல்லாம் வந்தன. குழந்தைகள் எத்தனை என்ற இடத்தில் அந்தப் பெண் தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"ரெண்டு பெத்தேன். ஒண்ணு இருக்கு."

அக்கா எழுதினாள். தன் மேலேயே அவளுக்கு வெறுப்பாக இருந்தது. எழுந்திருக்கப் போனவளின் கையை அந்தப் பெண் பிடித்துக்கொண்டாள்.

"எழுதினத ஒருதரம் படிச்சுக் காட்டும்மா. மறுபடியும் என்னால சொல்ல முடியாது."

அக்கா முதல் வரியிலிருந்து வாய்விட்டுப் படித்தாள்.