வாய் மூடிய மூன்று இன்னிங்ஸ்

எனக்கு வாய் நீளம். பிளம் ஃபோர்க் கல்லூரியில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், “மார்லீனா? அம்மாடி!” என்பார்கள். பதினோரு வருடமாக அந்தக் கல்லூரி பேஸ்பால் அணிக்கு உடம்பு பார்க்கிறவள் நான். சுளுக்கு, வீக்கம், பிளந்த நகம் எல்லாம் என் கையில்தான் வந்து விழும். வலியை மறைக்கிற பையன்களை நான் திட்டுகிற திட்டில் வலியே ஓடிவிடும். அப்படிப்பட்டவள் ஒரே ஒரு நாள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்று இன்னிங்ஸ். அந்தக் கதையைத்தான் சொல்கிறேன்.

அந்த வருடம் பிப்ரவரியில் மைதானத்துப் பனியைத் தள்ளிவிட்டுத்தான் ஆட ஆரம்பித்தோம். முதல் எட்டு ஆட்டத்தில் ஆறு தோல்வி. பிறகு யாரோ காலுறையைத் துவைக்க மறந்த நாளில் ஒரு வெற்றி வந்தது. அவ்வளவுதான், அதற்கப்புறம் ஒரு பயலும் காலுறையைத் துவைக்கவில்லை. நெப்ராஸ்கா மாநிலத்தின் குறுக்கே ஆறு மணி நேரம் அந்தப் பேருந்தில் போய்ப் பாருங்கள், தெரியும். கோச் டன்லப் அவர்களுக்கு மேல். மைதானத்தில் சுண்ணாம்புக் கோட்டை மிதிக்காமல் தாண்டித்தான் போவார். அறுபது வயது மனுஷன், பாண்டி ஆடுகிற பிள்ளை மாதிரி.

எல்லாவற்றையும் கேலி செய்தவள் நான். “நீங்க ஜெயிக்கிறது காலுறையால இல்லடா, லைலால” என்பேன்.

லைல் ஓஸ்ட்மன் எங்கள் பிட்சர். பன்றிப் பண்ணையில் வளர்ந்த பையன், கல்லூரியில் கடைசி வருடம். எதிரே மட்டையோடு நிற்கிறவனுக்குப் பந்து வருகிற சத்தம்தான் கேட்கும், பந்து தெரியாது. அப்படி எறிவான். தொழில்முறை அணிகளின் ஆட்கள் வேகமானியோடு வந்து அவனை அளந்துகொண்டிருந்தார்கள். ஜூனில் யாராவது ஒருவர் அவனை எடுத்துக்கொள்வார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அவன் அம்மா வேரா ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பழம் வைத்த ரொட்டி சுட்டு எடுத்து வருவாள். எனக்கென்று கசகசா வைத்ததில் இரண்டு தனியாக இருக்கும்.

மே மாதம் சாம்பியன் கோப்பைக்கான போட்டி. நான்கு நாள். வியாழக்கிழமை லைல் நூற்றுப் பதினெட்டுப் பந்து எறிந்து முதல் ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்தான். ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம். அன்று காலை கோச் மறுபடியும் அவன் பெயரையே எழுதினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“மூணே நாள்தான் ஆகுது கோச். அது கையா, பம்ப் செட்டா?”

“அவனையே கேளு.”

“நல்லாத்தான் இருக்கு மார்லீன்” என்றான் லைல், சூரியகாந்தி விதையை மென்றுகொண்டே.

“நல்லா இல்லைன்னா மட்டும் வாயத் திறந்துடுவியாக்கும்!”

அவனை மேஜையில் உட்காரவைத்துத் தோளையும் முழங்கையையும் அழுத்திப் பார்த்தேன். நகத்தை அமுக்கிவிட்டு ரத்தம் திரும்புகிறதா என்று பார்த்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் மனம் கேட்கவில்லை.

“இங்க பாரு. ஒவ்வொரு இன்னிங்ஸ் முடிஞ்சதும் நான் உன் கையப் பாப்பேன். நடுவுல விரல் மரத்துப்போச்சு, கை கனக்குது, நிறம் மாறுது, எதுவா இருந்தாலும் நீயா என்கிட்ட வரணும். யார் தடுத்தாலும் வரணும். சத்தியம் பண்ணு.”

“சத்தியமா வர்றேன். நீங்க கத்தாம இருந்தா சரி.”

அந்தச் சத்தியத்தை அவன் காப்பாற்றினான்.

ஆட்டம் ஆரம்பித்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. பேஸ்பாலில் மூன்று பேர் அவுட் ஆனால் அந்த அணியின் இன்னிங்ஸ் முடிந்தது; ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது. ஒன்று, இரண்டு, மூன்று இன்னிங்ஸ் போயின. எதிரணியில் ஒருத்தனாலும் பந்தை ஒழுங்காகத் தொட முடியவில்லை. ஒவ்வொரு இன்னிங்ஸ் முடிவிலும் ஈரத்துண்டோடு போய் அவன் கையைப் பார்த்தேன். ஐந்தாவது முடிவில் கை கொஞ்சம் உப்பினாற்போல் இருந்தது. வெயிலுக்கு அப்படி ஆவது உண்டு. அடுத்த தடவை நன்றாகப் பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த தடவை என்று ஒன்று வரவேயில்லை.

ஒன்பது இன்னிங்ஸிலும் எதிரணியில் ஒருத்தன்கூடப் பந்தை அடித்து ஓடி முதல் பேஸில் ஏறவில்லை என்றால் அப்படிப்பட்ட ஆட்டத்துக்கு ஒரு பெயர் உண்டு. பிட்சருக்கு வாழ்நாளில் ஒருமுறை வாய்த்தாலே பெரிது. ஆட்டம் நடக்கும்போது அந்தப் பெயரை யாரும் வாயால் சொல்லக்கூடாது. சொன்னால் கலைந்துவிடுமாம். பெயரை மட்டுமல்ல, அந்தப் பிட்சரிடம் எதையுமே பேசக்கூடாது, பக்கத்தில் உட்காரக்கூடாது, முகத்தைப் பார்க்கக்கூடாது. இடத்தையும் மாற்றக்கூடாது. இதை எழுதிவைத்தவன் யாருமில்லை. ஆனால் சின்ன வயதிலிருந்தே எல்லோருக்கும் தெரியும்.

ஆறாவது இன்னிங்ஸ் முடிந்து நான் துண்டோடு எழுந்தேன். எங்கள் கேட்சர் கிப் என் முன்னால் வந்து நின்றான். லைலின் பந்துகளைப் பிடிக்கிறவன், அவன் அறைத்தோழன்.

“மார்லீன், உக்காருங்க. ப்ளீஸ்.”

“தள்ளுடா. கையப் பாக்கணும்.”

“ஸ்கோர் போர்டப் பாத்தீங்களா?”

பார்த்தேன். எதிரணியின் அடிகள் என்ற கட்டத்தில் முட்டை. “அதுக்கு? நெருப்புன்னு சொன்னா வாய் வெந்துடுமா?”

பெஞ்சு முழுக்க இருபத்தெட்டு பேர் என்னைப் பார்த்தார்கள். கோச் உதட்டில் விரலை வைத்தார். லைல் பெஞ்சின் கோடியில் தனியாக உட்கார்ந்திருந்தான். எறிகிற கை குளிர்ந்துவிடாமல் இருக்கப் பிட்சர்கள் ஜாக்கெட்டின் ஒரு கையை மட்டும் மாட்டிக்கொள்வது வழக்கம். அவனும் மாட்டியிருந்தான். கை விரல்நுனி வரை உள்ளே போயிருந்தது.

நான் உட்கார்ந்தேன். அவர்களுக்குப் பயந்து உட்கார்ந்தேன் என்று பிறகு பலரிடம் சொன்னேன். பொய். எனக்கும் அது வேண்டியிருந்தது. பதினோரு வருடத்தில் அப்படி ஒரு ஆட்டத்தை நான் பார்த்ததில்லை. என்னால் கலைந்தது என்று ஆகிவிடுமோ என்று என் நெஞ்சும் அடித்துக்கொண்டது. கேலி செய்கிறவளின் பகுத்தறிவு அவ்வளவுதான்.

ஏழாவதில் அவன் பந்தின் வேகம் குறைந்தது. வேகமானி ஆட்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். ஆனால் எதிரணிக்காரர்கள் வேகத்தை எதிர்பார்த்து முந்தி முந்தி மட்டையைச் சுழற்றி ஏமாந்தார்கள். “பாத்தியா மூளைய! மெதுவா போட்டு ஏமாத்துறான்” என்று கோச் என் காதில் கிசுகிசுத்தார். கிப்பும் அப்படித்தான் நினைத்தான். நானும் தலையாட்டினேன்.

எட்டாவது முடிந்தது. லைல் வந்து அவன் கோடியில் உட்கார்ந்தான். பிறகு எழுந்தான்.

பெஞ்சின் முன்னால் நடந்து வந்தான். அவன் வர வர ஒவ்வொருத்தனும் வேறு பக்கம் திரும்பினான். ஒருத்தன் ஷூ கயிற்றைக் கட்டினான். ஒருத்தன் தொப்பியை முகத்தின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டான். அவன் என் முன்னால் வந்து நின்றான்.

“மார்லீன்.”

நிமிர்ந்து பார்த்தேன். முகமெல்லாம் வேர்வை. உதடு வெளுத்திருந்தது. மூச்சு மேலும் கீழும் வாங்கியது. வலது கை ஜாக்கெட்டுக்குள் தொங்கியது.

“மார்லீன், ஒரு நிமிஷம்...”

“மார்லீன்!” என்று பின்னாலிருந்து கோச் சீறினார். “இன்னும் மூணே பேரு!”

நான் திரும்பிக்கொண்டேன். என் பக்கத்தில் பெரிய ஆரஞ்சு நிறத் தண்ணீர்க் கேன் இருந்தது. காகிதக் கோப்பையை எடுத்து, தண்ணீர் பிடித்து, அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குடித்தேன். தாகமே இல்லை. திரும்பியபோது அவன் தன் இடத்துக்குப் போய்விட்டிருந்தான்.

ஒன்பதாவது. முதல் ஆள் பந்தை வானத்தில் அடித்தான், எங்கள் பையன் பிடித்தான். இரண்டாவது ஆள் மூன்று பந்தையும் கோட்டைவிட்டு அவுட் ஆனான். மைதானமே எழுந்து நின்றது. மூன்றாவது ஆள் தட்டிய பந்து உருண்டு நேராக லைலிடமே வந்தது. இடது கையின் உறையால் குனிந்து அள்ளினான். இனி அடித்தவன் போய்ச் சேர்வதற்குள் முதல் பேஸில் நிற்கிற எங்கள் பையனுக்கு எறிய வேண்டியதுதான் பாக்கி. எட்டு வயதுப் பிள்ளையும் எறிவான்.

அவன் எறியவில்லை. ஓடினான். பந்தை உறைக்குள்ளேயே வைத்துக்கொண்டு, வலது கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு, அடித்தவனோடு போட்டி போட்டு ஓடி, ஒரு காலடி முந்தி பேஸை மிதித்துவிட்டான்.

அவுட்! இடி விழுந்த மாதிரி ஒரு சத்தம். சந்தோஷத்தில் ஓடினான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். எனக்கு மட்டும் தூக்கிவாரிப்போட்டது. எறிய முடிகிறவன் எதற்கு ஓடுகிறான்?

கோப்பையை ஜெயித்தால் ஒருவர் மேல் ஒருவராக விழுந்து குவிவது வழக்கம். இருபத்தெட்டு பேர் பாய்ந்து லைல் மேல் விழுந்தார்கள். நான் ஓடினேன். சுண்ணாம்புக் கோட்டை மிதித்துக்கொண்டு ஓடினேன்.

“எழுந்திருங்கடா! அவன் மேலேர்ந்து எழுந்திருங்கடா!”

நானும் கொண்டாடுகிறேன் என்று நினைத்துவிட்டார்கள். யாரோ அந்த ஆரஞ்சு நிறக் கேனைத் தூக்கிவந்து ஐஸ் தண்ணீரைக் கோச் தலையிலும் என் தலையிலும் கொட்டினார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். அந்தக் குவியலின் அடியிலிருந்து ஒரு கை மட்டும் வெளியே நீண்டிருந்தது. இரண்டு மடங்கு வீங்கியிருந்தது. கத்தரிக்காய் நிறம்.

அந்தக் கையின் நகத்தை அமுக்கினேன். ரத்தம் திரும்பவில்லை. பிறகு என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது. இடுப்புப் பட்டையைப் பிடித்து ஒவ்வொருத்தனாக இழுத்து எறிந்தேன். கிப்தான் முதலில் பார்த்தான். “ஐயோ... லைல்! டேய், லைல்!” என்றவன் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். லைல் கண் செருகிக் கிடந்தான். ஒலிபெருக்கியில் இன்னும் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

மருத்துவமனை நடைபாதையில் இருபத்தெட்டு பேரும் துவைக்காத காலுறையோடு நின்றார்கள். டாக்டர் வந்தார். காறையெலும்புக்குக் கீழே ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து கட்டியாகியிருக்கிறது, அதில் ஒரு துண்டு நுரையீரலுக்குப் போயிருக்கிறது, பிழைத்துவிடுவான், குழாயை நெரிக்கிற விலா எலும்பு ஒன்றை எடுக்க வேண்டும், இனிப் பழைய வேகத்தில் எறிவான் என்று எதிர்பார்க்காதீர்கள் என்றார். “ஒரு மணி நேரமாவது கை இப்படி இருந்திருக்கும். யாருமே பாக்கலையா?”

கோச் கோப்பையை நாற்காலியின் அடியில் தள்ளிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

வேரா என்னிடம் வந்தாள். அழவில்லை. “நீ அங்கதானே உக்காந்திருந்த மார்லீன்?” என்றாள்.

“சத்தத்துல ஒண்ணும் கேக்கல வேரா. அவன் என்கிட்ட ஒண்ணுமே சொல்லல” என்றேன். என் வாயிலிருந்துதான் அது வந்தது. எனக்கே நம்ப முடியவில்லை. ஓரமாக நின்ற கிப் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான், மறுபடியும் குனிந்துகொண்டான்.

மறுநாள் காலை பார்க்க விட்டார்கள். லைலின் வலது கை தலையணை மேல் கட்டுப்போட்டு உயர்த்தி வைக்கப்பட்டிருந்தது. வேரா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மேஜையில் ஆட்டப் பந்து, எல்லோரும் கையெழுத்துப் போட்டது. எனக்கு மட்டும் கொஞ்சம் இடம் விட்டிருந்தார்கள்.

“போடுங்க மார்லீன்” என்றான், பேனாவை இடது கையால் நீட்டி.

நான் வாங்கவில்லை.

“லைல், நேத்து உங்க அம்மாகிட்ட நான் பொய் சொன்னேன். நீ என்னைக் கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சு.”

ஜன்னல் பக்கம் வேரா அசைவது தெரிந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

“தெரியும்” என்றான் லைல். “என் மூஞ்சியப் பாத்துட்டுத்தானே தண்ணி குடிச்சீங்க.”

“அப்புறம் ஏண்டா கத்தல? கையத் தூக்கிக் காட்டியிருக்கலாமே! பந்தைக் கீழ போட்டுட்டு உக்காந்திருக்கலாமே!”

அவன் கட்டுப்போட்ட கையைப் பார்த்தான். கோபம் இருந்தால் நான் தாங்கியிருப்பேன். அவன் குரலில் கோபமே இல்லை.

“நீங்க எல்லார்கிட்டயும் கத்துவீங்க மார்லீன். சின்ன கீறலுக்குக்கூட கத்துவீங்க. நீங்களே ஒண்ணும் சொல்லாம திரும்பிக்கிட்டீங்களா, சரி, பெரிசா ஒண்ணும் இருக்காதுன்னு நெனைச்சேன்.”

பேனா இன்னும் நீட்டியபடியே இருந்தது. வேரா எழுந்து வந்து அதை அவன் கையிலிருந்து வாங்கி, மூடி போட்டு, தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.