சுக்கான் சரியாகி ஒன்பது நாள்

பதினோரு மாதக் கடல் பயணத்தில் அவளும் கணவரும் ஒரே சமயத்தில் விழித்திருந்த நேரத்தைக் கூட்டினால் ஒரு வாரம் தேறாது. ஒருவர் படகை ஓட்ட, இன்னொருவர் தூங்க, மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை ஆள் மாற்றம். ஆபத்து வந்தால் ஒழிய, தூங்குகிறவரை எழுப்பக் கூடாது. படகில் இருந்த ஒரே சட்டம் அதுதான்.

படகைத் திருப்பும் சுக்கான் உடைந்து இந்தத் தீவில் ஒதுங்கிப் பதினெட்டு நாளாகிறது. படகு பட்டறையில் கட்டைகள் மேல் சொகுசாக உட்கார்ந்திருந்தது. கரைக்கு வந்தும் மனுஷருக்குப் பழக்கம் விடவில்லை. விடுதி அறையில் அவள் கண்ணை மூடினால் போதும், உப்புத்தாளை எடுத்துக்கொண்டு பட்டறைக்குக் கிளம்பிவிடுவார். அடிப்பலகையைத் தேய்ப்பார், பெயிண்ட் பூசுவார், சரியில்லை என்று மறுபடி தேய்ப்பார். அவளுக்கு எல்லாம் அலுத்துப் போயிற்று. கடலும் போதும், படகும் போதும். நாளைக் காலை விமானத்துக்குச் சீட்டு வாங்கிவிட்டாள். இன்றைக்குள் அவரிடம் சொல்லியாக வேண்டும்.

அதற்காகத்தான் அவரை வம்படியாக இழுத்துவந்து சுற்றுலா வேனில் ஏற்றினாள். மலை உச்சியில் ஓர் ஏரி இருக்கிறதாம். அதன் கரையில் வைத்துப் பக்குவமாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்திருந்தாள். இரண்டாவது வளைவு வருவதற்குள் அவர் குறட்டை விட ஆரம்பித்துவிட்டார்.

"அம்மா, ஏரி வந்தாச்சு. சாரை எழுப்புங்க," என்றார் டிரைவர்.

எழுப்ப அவளுக்குக் கை வரவில்லை. "தூங்கட்டும்," என்றாள். மற்றவர்கள் ஏரியைப் பார்த்துப் போட்டோ எடுத்துத் திரும்பும் வரை, எதிரே இருந்த குப்பைத்தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடல் கடந்து வந்ததற்கு அந்தத் தரிசனம்தான் கிடைத்தது.

வேன் பாதி மலை இறங்கியபோது அவர் விழித்தார்.

"ஏரி எங்க?"

"பின்னால போயிடுச்சு," என்றவள் அதே மூச்சில் சொல்லி முடித்தாள். "ஏங்க, நாளைக்கு நான் பிளேன்ல ஊருக்குப் போறேன். இனிமே என்னால முடியாது."

கத்துவார் என்று நினைத்துப் பதிலெல்லாம் அடுக்கி வைத்திருந்தாள். அவரோ பெயிண்ட் ஒட்டிய தன் நகங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ இப்படிச் சொல்லுவேன்னு தெரியும்," என்றார். "சுக்கான் சரியாகி ஒன்பது நாளாச்சு. உன்கிட்ட சொல்லாதேன்னு மெக்கானிக் வாயை நான்தான் அடைச்சேன். படகைத் தண்ணியில இறக்கினா நீ ஏற மாட்டியோன்னு பயம். அதான் தேய்ச்சுக்கிட்டே நாளைத் தள்ளினேன்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. யார் பார்த்தால் என்ன என்று அழுதாள்.

"ஒன்பது நாள்! அதுல ஒரே ஒரு நாள் அந்த உப்புத்தாளைக் கீழ போட்டுட்டு என் பக்கத்துல வந்து உட்கார்ந்திருக்கக் கூடாதா? நான் சீட்டே வாங்கியிருக்க மாட்டேனே!"

வேன் பட்டறையைத் தாண்டியபோதும் அவர் இறங்கவில்லை. அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அதை கேன்சல் பண்ண முடியாதா?" என்று மெல்லக் கேட்டார்.

"முடியும்," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஆனா பண்ணப் போறதில்லைங்க."